அடுத்தவர் புகையும் பிள்ளையின் முரசும்

வவுனியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து தாயொருவர் எமக்கு எழுதிய கடிதம் இரு வாரங்களாக எமது மேசைமேற் கிடக்கின்றது. நீண்ட கடிதமன்று, கொப்பித்தாளில் ஒரு பக்கமே. "எனது மகனுக்கு ஏழு வயது. பல் துலக்கும்போதெல்லாம் முரசிலிருந்து இரத்தம் கசிகின்றது. இனிப்பு அதிகம் கொடுப்பதில்லை. காலையிலும் இரவிலும் நானே பக்கத்தில் நின்று துலக்குவிக்கின்றேன். மாமா எங்களுடன் இருக்கின்றார். அவர் சுருட்டுப் பத்துகிறவர். பிள்ளை அவருக்கருகிலேதான் படுப்பான். அந்தப் புகையினால் முரசு பழுதாகுமா? மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பத்திரிகையில் எழுதினால் அவர் வாசிப்பார்."

இந்தக் கடைசி வரியே எம்மை இரு வாரம் எழுதவிடாது தடுத்தது. பொதுவாக எழுதுவது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விறாந்தையிற் சாய்ந்திருந்து, ஒரு கையிற் பத்திரிகையும் மறு கையிற் சுருட்டுமாக இதனை வாசிக்கப் போகும் ஒரு பெரியவரை எண்ணிக்கொண்டு எழுதுவது அவ்வளவு எளிதன்று. அவரை நோகச் செய்யவும் எமக்கு விருப்பமில்லை. அவருக்காக உண்மையை மறைக்கவும் மனம் வரவில்லை.

முதலில் முரசைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். தமிழ்நாட்டார் ஈறு என்று சொல்வதையே நாம் முரசு என்கின்றோம். பல்லின் அடியைச் சட்டைக் கழுத்துப்போல் இறுக அணைத்து நிற்கும் சதை அது. சுகமான முரசு உறுதியாக இருக்கும். தூரிகை பட்டால் இரத்தம் கசியாது. பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தில் நாள்தோறும் மெல்லிய ஒரு படலம் படிகின்றது. உணவுத் துணுக்கும் உமிழ்நீரும் மாத்திரமன்று, எண்ணற்ற பற்றீரியாக்கள் குடியிருக்கும் படலம் அது. ஒழுங்காகத் துலக்கி அகற்றாவிடின் முரசு சிவந்து, வீங்கி, தொட்டவுடன் இரத்தம் கசியும் நிலைக்கு வருகின்றது. இதனை முரசழற்சி என்பர். படலம் நாட்பட்டு இறுகினாற் காறையாகும். காறையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் வைத்தியரே அகற்ற வேண்டும்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்லவேண்டிய முதற் செய்தி இதுதான்: ஏழு வயதுப் பிள்ளையின் முரசில் இரத்தம் கசிந்தால், அதற்கு முதற் காரணம் பெரும்பாலும் இந்தப் படலமே. பக்கத்தில் நின்று துலக்குவித்தாலும், ஏழு வயதுக் கைக்குப் பின்பற்களின் உட்புறமும் முரசோரமும் எளிதில் எட்டுவதில்லை. அவ்வயதிற் பாற்பற்கள் ஆடி விழுவதும் நிலைப்பற்கள் முளைப்பதும் ஒருங்கே நடப்பதால், ஆடும் பல்லின் பக்கத்தை நோவுக்கு அஞ்சிப் பிள்ளைகள் துலக்காமலே விட்டுவிடுவதுமுண்டு. புகைமீது முழுப் பழியையும் போட்டுவிட்டுத் தூரிகையை மறந்தால், பெரியவர் சுருட்டை விட்டபின்னரும் இரத்தம் நிற்காது. அப்பொழுது அவர் மருமகளைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இனிப் புகையின் விஷயத்திற்கு வருவோம்.

சுருட்டிலிருந்தும் சிகரெட்டிலிருந்தும் எழும் புகை இரு வகைப்படும். பத்துகிறவர் உறிஞ்சி வெளிவிடும் புகை ஒன்று. அவர் உறிஞ்சாத வேளையில், விரலிடுக்கிற் சும்மா இருக்கும் நெருப்பு நுனியிலிருந்து எழும் புகை மற்றையது. பிறரைச் சூழும் புகையிற் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையே. குறைந்த வெப்பத்திற் கனன்று எழுவதால் இதிற் பல நச்சுப் பொருள்கள் முதல் வகைப் புகையிலும் செறிவாக உள்ளன. நிக்கொட்டின், காபனோரொட்சைட்டு, போமல்டிகைட்டு முதலாக ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்கள் புகையிற் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்க வல்லவை. சுருட்டிற் சிகரெட்டைவிடப் புகையிலை அதிகம். அது எரியும் நேரமும் அதிகம். எனவே ஓர் அறைக்குள் ஒரு சுருட்டு விடும் புகை ஒரு சிகரெட் விடும் புகையிலும் கூடியதே. "சுருட்டு எங்கள் மண்ணின் சரக்கு, சிகரெட்டைப்போல் தீங்கானதன்று" என்று சொல்வாருளர். மண்ணுக்கேற்ப நஞ்சு தன் குணத்தை மாற்றுவதில்லை.

பிள்ளை அந்தப் புகையைச் சுவாசித்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். சாட்சி பிள்ளையின் உமிழ்நீரிலேயே இருக்கின்றது. உட்சென்ற நிக்கொட்டினை உடல் கொட்டினின் என்னும் பொருளாக மாற்றுகின்றது. நிக்கொட்டின் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். கொட்டினினோ சில நாட்கள் வரை இரத்தத்திலும் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் தங்கி நிற்கும். தம் வாழ்நாளில் ஒரு சுருட்டையும் தொட்டறியாத பிள்ளைகளிடத்தில் இப்பொருள் காணப்படும்போது, அது எங்கிருந்து வந்தது என்று வேறெவரையும் கேட்கவேண்டியதில்லை. உடலின் நிறைக்கு ஒப்பிடுமிடத்துச் சிறுவர் பெரியவரிலும் அதிகமான காற்றைச் சுவாசிப்பவர்கள். அறையை விட்டு எழுந்து போகும் சுதந்திரமும் அவர்களுக்கில்லை.

பிறர் விடும் புகை புகையாதவரையும் வருத்தும் என்பது நீண்ட காலமாக ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தாகேஷி ஹிராயமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பெற்ற முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைத்த வீடுகளில், புகைக்காத மனைவியருக்கும் சுவாசப்பைப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அந்நாளில் இது பெருஞ் சர்ச்சையை எழுப்பிற்று. அதன் பின்னர் ஆய்வுகள் பெருகின. 2006இல் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கை, பிறர் புகையைச் சுவாசிப்பதில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை எனக் கூறிற்று. சிறுவருக்கு வரும் மார்புச் சளி நோய்கள், காது நோய்கள், கடுமையான தொய்வு, தொட்டிலிலேயே நேரும் திடீர் மரணம் ஆகியவற்றுக்கும் இப்புகைக்குமுள்ள தொடர்பை அது நிலைநாட்டிற்று.

வாய்க்கு வந்த கேட்டை உலகம் பிந்தியே கவனித்தது. சுவாசப்பையைப் பார்த்தவர்கள் அதற்கு வாசலான வாயைப் பாராதது வியப்பே. 2001இல் அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, தாம் ஒருபோதும் புகைக்காத 6,611 வளர்ந்தோரை எடுத்துப் பார்த்தது. வீட்டிலோ வேலைத்தலத்திலோ பிறர் புகைக்கு உட்பட்டவர்களிடத்திற் பல்லைத் தாங்கும் முரசும் எலும்பும் சிதையும் நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலாகக் காணப்பட்டது. இது வளர்ந்தோர் சங்கதி. சிறுவரைப் பற்றியோவெனில், 2003இல் 4 முதல் 11 வயது வரையான 3,531 பிள்ளைகளின் பற்களையும் அவர்களது இரத்தத்திலிருந்த கொட்டினினையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. கொட்டினின் கூடிய பிள்ளைகளின் பாற்பற்களிற் சூத்தை அதிகமாக இருந்தது. நிலைப்பற்களில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை.

2015இல் ஜப்பானின் கோபே நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் பெரியது. 76,920 குழந்தைகளைக் கொண்டது. நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது வீட்டிற் புகைப்பழக்கம் எவ்வாறிருந்தது என்று கேட்டுப் பதிந்து, மூன்று வயதிற் பற்களைப் பார்த்தனர். எவருமே புகைக்காத வீட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 14 பேருக்குச் சூத்தை இருந்தது. பிள்ளைக்கு முன்னாற் புகைத்த வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு இருந்தது. எம் கண்ணை உறுத்தியது நடுவிலுள்ள கூட்டம். வீட்டிற் புகைப்பவர் உண்டு, ஆனாற் பிள்ளைக்கு முன்னாற் புகைப்பதில்லை என்று சொன்ன குடும்பங்கள் இவை. அங்கே நூற்றுக்கு 20. "நான் பிள்ளைக்கு முன்னாற் பத்துவதில்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் தந்தையரே, இந்த 20 என்ற எண்ணைச் சற்று நோக்குங்கள்.

முரசைப் பற்றிக் கேட்டால் சூத்தையைப் பற்றிச் சொல்கின்றீரே என்று கடிதம் எழுதிய தாய் நினைக்கக்கூடும். நியாயமே. சிறுவரின் முரசழற்சியை நேரடியாக ஆராய்ந்தவை குறைவு. அவற்றின் முடிவுகளும் ஒரே குரலிற் பேசவில்லை. புகைக்கும் வீடுகளில் வறுமையும், பல் துலக்குவதில் அக்கறைக் குறைவும், இனிப்புப் பண்டமும் கூடவே இருப்பதுண்டு. எதனால் எது வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் முரசிற் கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றம் உண்டு. 2005இல் ஜப்பானியப் பல் வைத்தியர் சிலர் சிறுவரது முன்முரசைப் படம் பிடித்து ஒப்பிட்டனர். பெற்றோர் புகைக்கும் பிள்ளைகளின் முரசிற் கருமைத் திட்டுகள் அதிகமாகக் காணப்பட்டன. நிறத்தைத் தரும் மெலனின் என்னும் பொருள் புகையின் தாக்கத்தாற் கூடுதலாகச் சுரப்பதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானியரின் முரசைக் கொண்டு எங்கள் பிள்ளைகளின் முரசை அளக்கக்கூடாது. கருமையான முரசு எங்களவர்க்குப் பிறவியிலேயே அமைந்தது. அது நோயுமன்று, அழுக்குமன்று. இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரேனும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, "கறுத்துப் போயிற்று, எல்லாம் உங்கள் அப்புவின் சுருட்டால்" என்று சண்டை பிடித்தால் அதற்கு நாம் பொறுப்பல்லோம். பார்க்கவேண்டியது நிறத்தையன்று, வீக்கத்தையும் இரத்தத்தையும் வாயின் துர்நாற்றத்தையுமே.

புகை எவ்வழியில் முரசைத் தாக்கும்? நிக்கொட்டின் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. முரசுக்குப் போகும் இரத்தம் குறையுமாயின், கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களின் வேலையும் தளரும். தாமே புகைப்போரிடத்தில் இதனால் ஒரு விபரீதம் நிகழ்கின்றது. நோய் உள்ளே முற்றியும் வெளியே இரத்தம் அதிகம் கசிவதில்லை. கள்வன் புகுந்த வீட்டிற் காவல்நாய் குரைக்காதிருப்பது போன்றது இது. பிறர் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைக்கு அந்த அளவில் நிகழாவிடினும், அதே பொருள்களே சிறு அளவில் நாள்தோறும் உட்செல்கின்றன. அப்பிள்ளைகளின் இரத்தத்தில் விற்றமின் சீ குறைந்திருப்பதையும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். முரசின் தசைநாரை உறுதியாக வைத்திருப்பது இந்த விற்றமினே. மேலும், புகை மூக்கின் உட்சவ்வை அழற்றி மூக்கடைப்பை உண்டாக்கும். மூக்கடைத்த பிள்ளை வாயாற் சுவாசிக்கும். இரவு முழுவதும் வாய் திறந்திருந்தால் உமிழ்நீர் வற்றும். முன்முரசு காய்ந்து சிவக்கும். உமிழ்நீர் வாய்க்கு வெறும் நீரன்று, காவலும் அதுவே. அந்தத் தாயின் மகன் உறங்கும்போது வாயைத் திறந்தபடி உறங்குகின்றானா என்று ஒருநாள் இரவிற் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

இவ்வளவும் எழுதிய பின்னர், எம்மைப் பற்றிய ஒன்றை மறைத்துவிட்டுப் போவது முறையன்று.

நாமும் இருபத்திரண்டு ஆண்டுகள் புகைத்தவரே. முதலிற் சுருட்டு, கொழும்புக்கு வந்தபின் சிகரெட். இரவில் எழுதும்போது மேசைமேற் சாம்பற் கிண்ணம் நிறைந்திருக்கும். அதே அறையின் மறு மூலையில் எமது மகள் படுத்துறங்குவாள். வாடகை வீடு, அறைகள் இரண்டே. அவளுக்கு எட்டு வயதானபோது முரசு வீங்கி இரத்தம் கசியத் தொடங்கிற்று. நாம் அவளையே கடிந்துகொண்டோம். சரியாகத் துலக்குவதில்லை என்றும், களவாக இனிப்புத் தின்கிறாள் என்றும். முடிவிற் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். வயது சென்ற அம்மையார் அவர். பிள்ளையின் வாயைப் பொறுமையாகப் பார்த்தார், மூக்கையும் பார்த்தார், இரவில் இருமுகின்றாளா என்று கேட்டார். பின்னர் எம்மைத் திரும்பிப் பாராமலே, "வீட்டில் யாராவது புகைக்கிறவர்களா?" என்றார்.

எமக்கு உடனே பதில் வரவில்லை. சட்டைப்பையிற் பெட்டி இருந்தது. நாம் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "அப்பா யன்னலைத் திறந்து வைத்துத்தான் பத்துகிறவர், டொக்டர்" என்றாள்.

எம்மைக் காப்பாற்ற வேண்டுமென்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கின்றது. வாய் வீங்கி நொந்த நிலையில், தகப்பனுக்காக வாதாடியிருக்கின்றாள். வைத்தியர் எம்மைக் குற்றம் சொல்லவில்லை. காறையைச் சுரண்டினார், துலக்கும் முறையைக் காட்டினார், "யன்னல் போதாது, மகள்" என்று பிள்ளையிடமே சொன்னார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாம் பேசவில்லை. உடனே விட்டுவிட்டோம் என்று எழுதினால் அது பொய். மூன்று தடவை விட்டு மூன்று தடவை தொடங்கினோம். நாலாவது தடவையே நிலைத்தது. அவளுடைய முரசு அதற்கு முன்னரே சுகமாகிவிட்டது. துலக்கியதாற் சுகமாயிற்றோ, நாம் அறையை விட்டு முற்றத்துக்குப் போனதாற் சுகமாயிற்றோ என்று கேட்டால், இரண்டாலும் என்றே எமக்குத் தோன்றுகின்றது. பெரும்பங்கு தூரிகைக்கே உரியது என்று அந்த அம்மையாரும் சொன்னார்.

யன்னல் ஏன் போதாது? புகையின் நுண்துகள்கள் மிகச் சிறியவை. சுருட்டு அணைந்த பின்னரும் மணிக்கணக்காகக் காற்றில் மிதப்பவை. மின்விசிறி அவற்றை வெளியேற்றுவதில்லை, வீடு முழுவதும் பரப்புகின்றது. பின்னர் அவை திரைச்சீலையிலும் தலையணையிலும் நுளம்பு வலையிலும் சாரத்திலும் படிகின்றன. பழைய சுருட்டு வாசம் வீசும் தலையணையில் அந்தப் பொருள்களே தங்கியிருக்கின்றன. பத்திவிட்டு வந்தவுடன் பேரனைத் தூக்கி மார்பில் அணைத்தால், சட்டையிலுள்ளது பிள்ளையின் மூக்குக்கு வெகு தூரமில்லை.

புகையிலையைப் பற்றி எழுதும் யாழ்ப்பாணத்தவன் ஒருவன் நன்றி கெட்டவனாகவும் இருக்கக்கூடாது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் ஓங்கிய பயிர் அது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலமொன்றிருந்தது. துலா மிதித்து இறைத்த தோட்டத்திலிருந்து வந்த பணத்தாலே எத்தனையோ பிள்ளைகள் கல்லூரிக்குப் போயினர். எமது தந்தையாரும் அவர்களில் ஒருவர். எங்களூர்ச் சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்டிருப்பார்கள். எழுத்தறியாதவரும் உலக நடப்பை அறிந்தது அங்கேதான். பத்திரிகையில் எழுதவேண்டுமென்ற ஆசை எமக்குள் விழுந்ததும் அந்தக் கொட்டிலின் வாசலிலே நின்று கேட்டபோதுதான். அந்தக் கைகளை நாம் இழித்துரைக்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டிலிற் பகல் முழுவதும் இருந்தவர்களின் இருமலும் இன்னும் எமது காதில் இருக்கின்றது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும் தடுத்தது. பஸ்ஸிலும் படமாளிகையிலும் புகை சூழ அமர்ந்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் சட்டம் படலையோடு நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் நடப்பது வீட்டாரின் பொறுப்பு.

இனி அந்தப் பிள்ளைக்குச் செய்யவேண்டியவை. எட்டு வயது வரையாவது இரவிலே தாயோ தந்தையோ தம் கையாற் துலக்கிவிட வேண்டும். பக்கத்தில் நிற்பது போதாது. மென்மையான தூரிகையை முரசோரத்திற் சரித்து வைத்து, அழுத்தாமற் சிறு சிறு அசைவாகத் துலக்கவேண்டும். புளோரைட் கலந்த பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. இரத்தம் வருகின்றதென்று அஞ்சித் துலக்காமல் விடுவதே பலரும் செய்யும் பிழை. விட்டால் படலம் கூடும், இரத்தமும் கூடும். மெதுவாகவேனும் நாள்தோறும் துலக்கினால் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் முரசு தேறும். உமிக்கரியையும் செங்கற்பொடியையும் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள்; அவை பல்லையும் முரசையும் தேய்ப்பன. கொய்யாப்பழம், தோடம்பழம், நெல்லிக்காய் ஆகியவற்றில் விற்றமின் சீ நிறைய உண்டு. முற்றத்துக் கொய்யாவை அணிலுக்கு விட்டுவிட்டுக் கடையில் மாத்திரை வாங்குவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

இரண்டு வாரத்தின் பின்னரும் இரத்தம் நிற்காவிடின் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் எமது நாட்டின் நல்ல ஏற்பாடுகளுள் ஒன்று. அங்கு பணிபுரிவோரைப் பயிற்றும் மகரகமப் பள்ளி, 1950களில் நியூஸிலாந்தின் உதவியுடன் தொடங்கியது. பிள்ளை படிக்கும் பாடசாலையிலோ அயலிலோ நிலையம் உண்டா என்று அதிபரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். இரத்தம் கசிவதோடு பிள்ளை வெளிறிப்போதல், காரணமின்றி உடலிற் கன்றிய அடையாளங்கள் தோன்றுதல், விடாத காய்ச்சல் ஆகியவற்றுள் எதுவேனும் சேர்ந்து வருமாயின், பல் வைத்தியருக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்த நோய்கள் சில முரசிலேதான் முதலில் முகம் காட்டும்.

மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை என்ற தாய்க்கு நாம் கூறுவது: நீங்கள் சொல்லவேண்டியதில்லை, கணவர் சொல்லட்டும். தகப்பனிடம் மகன் பேசும் பேச்சு அது. சுருட்டை இன்றே எறியுங்கள் என்று தொடங்கினால் வீட்டிற் சண்டை வரும். பிள்ளையின் படுக்கையை மாற்றுவோம், பத்துவதாயின் வெளியே மாமரத்தடியில் இருந்து பத்துங்கள், உள்ளே வரும்போது சால்வையை மாற்றிக் கை வாய் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று தொடங்கினால் கேட்கக்கூடும். கோபேயின் நடுக் கூட்டத்தைப் பார்த்தால் இது முழு மருந்தன்று என்பது விளங்கும். ஆயினும் அறைக்குள் இருப்பதற்கும் மாமரத்தடிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பெரியவரே, இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பீர்களாயின், உங்கள் மருமகள் உங்களைப் பற்றி எமக்கு ஒரு குறையும் எழுதவில்லை. பேரன் உங்களுக்கருகிலேயே படுப்பான் என்று மாத்திரம் எழுதியிருக்கின்றார். ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் விடுபடாது என்பதை நாம் அறிவோம். எம்முடைய இருபத்திரண்டு ஆண்டே எம்மைப் படுத்திய பாடு போதும். இன்றிரவு மட்டும், அவன் உறங்குமுன் அந்த அறைக்குள் ஒன்றையும் மூட்டாதிருந்து பாருங்கள். முதல் மூன்று நாள் கடினம். கை சும்மா இருக்க மாட்டாது. எமக்குக் கற்கண்டும் ஏலக்காயும் உதவின. பென்சில் சீவிச் சீவியே ஒரு பெட்டி பென்சிலைத் தீர்த்தோம்.

அடுத்த வாரம், விழவேண்டிய பாற்பல் விழாமலே அதன் பின்னால் நிலைப்பல் முளைத்துவிட்டதே, பிடுங்கலாமா என்று திருக்கோணமலையிலிருந்து கேட்டிருக்கும் வாசகருக்கு மறுமொழி எழுதுவோம்.